பாதி விலையில் 34 இன்ச்: கூடுதல் இருபது சென்டிமீட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

"அக்கா, 52,000 ரூபாய் மானிட்டரை 26,990-க்குப் போட்டிருக்காங்க. இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தானாம். வாங்கிடவா?"

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் அனுப்பிய படத்தில் இருந்தது 34 இன்ச் வளைந்த அல்ட்ராவைட் மானிட்டர், அதாவது வழக்கத்தைவிட அகலம் கூடிய திரை. அவள் வீட்டிலிருந்தபடியே பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறாள். நான் முத்தியால்பேட்டையில் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். இருவருக்குமே நாள் முழுக்கத் திரைக்கு முன்னால்தான் வேலை. எனக்கும் பழைய 24 இன்ச் போதாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "ஒரு நாள் பொறு, எங்கேயும் ஓடிப்போகாது" என்றேன். அந்த ஒரு நாள் இரண்டு வாரமாக நீண்டது. நேரு வீதி, காமராஜர் சாலை என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். இரவு முடிந்ததும் அந்தச் சலுகை முடியவில்லை. மறுநாளும் அதே விலைதான் இருந்தது, அடுத்த வாரமும் அதேதான்.

முதலில் அந்த 52,000. அது பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. இதே மாடலுக்குக் கடைகளில் 29,000 சொன்னார்கள். ஆக, உண்மையான தள்ளுபடி 2,000 ரூபாய்தான், 25,000 இல்லை. இன்னொரு விஷயத்தைத் தங்கைதான் பிடித்தாள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 32 இன்ச் வரை உள்ளவற்றுக்கு 2019 தொடக்கத்திலிருந்தே 18தான். 34 இன்ச் அல்ட்ராவைட் இங்கே வெகுநாள் விலை கூடுதலாகவே இருந்ததற்கு இந்த வரியும் ஒரு காரணம். 128 ரூபாய்க்கு விற்ற பொருள் வரி குறைந்த பிறகு 118 ஆக வேண்டும். பழைய வரியோடு அச்சிட்ட 52,000 என்றால், புதிய கணக்கில் அது 47,900 சொச்சம். மீதி நாலாயிரத்தைக் கடைக்காரர் நமக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது, அது அரசு குறைத்த வரி. பெட்டியின் மேல் தயாரிப்பு மாதத்தைப் பார்த்தால் எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

சரி, எம்.ஆர்.பி.யை விட்டுவிட்டால் எதோடு ஒப்பிடுவது? இதற்குப் பதில் கடையில் ஒரு இன்ச் டேப் வாங்கி அளந்தபோது கிடைத்தது. 34 இன்ச் அல்ட்ராவைட்டின் திரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலம், 33 சென்டிமீட்டர் உயரம். பக்கத்திலிருந்த சாதாரண 27 இன்ச் 60 அகலம், 33.5 உயரம். உயரம் ஒன்றேதான்! திரையில் படத்தை உருவாக்கும் நுண்கட்டங்களான பிக்சல் கணக்கும் அப்படியே: அல்ட்ராவைட் 3440×1440, 27 இன்ச் 2560×1440. இரண்டிலும் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 109 பிக்சல், எழுத்தின் கூர்மை ஒன்றுதான். அதாவது 34 இன்ச் அல்ட்ராவைட் என்பது, 27 இன்ச் திரையோடு பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் சேர்த்தது. அவ்வளவுதான். 34 என்ற எண்ணைப் பார்த்து 32 இன்ச்சைவிடப் பெரியது என்று நினைத்துவிடக் கூடாது. மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு அது. பரப்பளவில் சாதாரண 32 இன்ச்தான் பெரியது.

27 இன்ச் ஐ.பி.எஸ். (இது திரையின் ஒரு வகை) மானிட்டருக்கு எங்களுக்குச் சொன்ன விலை 16,500. சென்டிமீட்டர் அகலத்துக்கு 275 ரூபாய் ஆகிறது. அல்ட்ராவைட்டின் கூடுதல் 20 சென்டிமீட்டருக்கு 10,490 ரூபாய், அதாவது சென்டிமீட்டருக்கு 525-ஐ ஒட்டி. மூன்றில் ஒரு பங்கு பிக்சல் கூடுதலாகக் கிடைக்க, விலையில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்த இருபது சென்டிமீட்டர் உங்கள் வேலையில் என்ன செய்யும் என்று தெரிந்தால் மட்டுமே இது தள்ளுபடியா இல்லையா என்று சொல்ல முடியும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே 34 இன்ச், அதே வளைவு, விலை மட்டும் 21,500 என்று இன்னொன்றைக் காட்டினார்கள். பெட்டியைத் திருப்பினால் 2560×1080 என்று இருந்தது. இன்ச்சுக்கு 82 பிக்சல்தான். நான் பென் டிரைவில் ஒரு பி.டி.எஃப். கொண்டுபோயிருந்தேன்: டெம்மி சைஸ் (நாவல்கள் வழக்கமாக வரும் புத்தக அளவு) நாவல், 10 பாயிண்ட் எழுத்து. நிஜ அளவில் திறந்து 'பார்த்தான்' என்ற சொல்லைப் பார்த்தேன். ர் மேலிருந்த புள்ளி சாம்பல் நிறத் தூசிபோல் தெரிந்தது. கால் எது, ர எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. 10 பாயிண்ட் எழுத்துக்கு அந்தத் திரையில் மொத்தமே 11 பிக்சல் உயரம் கிடைக்கிறது. 109 உள்ள திரையில் 15 கிடைக்கும். அந்த நாலு பிக்சலில்தான் புள்ளி பிழைக்கிறது. ஆங்கில எழுத்து 82-லும் ஒப்பேறிவிடும், தமிழுக்கு அது போதாது. மெய்ப்புப் பார்க்கிறவர்கள், பாடப்புத்தகம் டைப் செய்கிறவர்கள், தமிழில் நாளெல்லாம் வாசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த வகை 34-ஐ எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். 29 இன்ச்சில் இதே 2560×1080 வந்தால் கூர்மை பரவாயில்லை, 96 வரும். ஆனால் உயரம் 29 சென்டிமீட்டர்கூட இல்லை. ஏ4 பக்கம் ஒன்று நிஜ அளவில் நிற்காது. அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

உண்மையான போட்டி இரண்டு 24 இன்ச் மானிட்டர்கள்தான். ஒன்று 8,300. இரண்டும் சேர்த்து 16,600-க்கு 105 சென்டிமீட்டர் அகலம். சென்டிமீட்டருக்கு 158 ரூபாய்! ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர் இன்னொன்று மட்டும் வாங்கினால் போதும். விலையை மட்டும் பார்த்தால் இதை எதுவும் அடிக்க முடியாது. வீடியோ காலில் திரையைப் பகிர்கிறவர்களுக்கும் இதுதான் வசதி. ஒரு திரையைக் காட்டிவிட்டு மற்றதில் குறிப்பு பார்க்கலாம். அல்ட்ராவைட்டை முழுசாகப் பகிர்ந்தால் எதிரே லேப்டாப்பில் பார்ப்பவருக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு எழுத்து எறும்பளவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிர வேண்டும்.

குறை, நடுவில் வரும் சட்டம். நேராக உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே பிளாஸ்டிக்தான் இருக்கிறது. அதனால் ஒன்றை நேரே வைத்து மற்றதைப் பக்கத்தில் தள்ளிவிடுவோம், கழுத்து ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். தங்கையின் மேசை நாலடி. பெரிய பில் கட்டு, கால்குலேட்டர், பிரிண்டர் எல்லாம் அதன் மேல்தான். 105 சென்டிமீட்டரை வைத்துவிட்டால் மிச்சம் ஒரு சாண்கூடத் தேறாது.

அப்புறம், திரையின் வகை. இந்த விலையில் வரும் 34 இன்ச் வளைந்த திரைகள் பெரும்பாலும் வி.ஏ. வகை. கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி மாறுபாடு 3000-க்கு 1 அளவில் வரும், சாதாரண ஐ.பி.எஸ்.ஸில் 1000-க்கு 1. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். அகலத்திரைப் படங்கள் பட்டை இல்லாமல் முழுத் திரையும் நிறைந்து ஓடுவது அழகுதான். ஆனால் தலையைச் சற்று நகர்த்தினால் வி.ஏ.யில் ஓரத்து நிறம் வெளிறும். கறுப்புப் பின்னணியில் எழுத்தை வேகமாக உருட்டினால் பின்னால் நிழல் இழுக்கும். எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை வளைவு. வளைவின் அளவாகச் சொல்லும் 1500 ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. பக்கத்தின் மேல் ஒரு நீளக் கோடு போட்டால் அது நேராக இருக்கிறதா என்று என் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைப் பையன் "பழகிடும்க்கா" என்றான். பழகலாம். ஆனால் கோடு நேராக இருக்கிறதென்று பார்ப்பதே என் தொழில். அதில் கண்ணைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை.

தங்கைக்கு இந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. அவள் எக்செல்லைத் திறந்தாள். பழைய 1920 பிக்சல் திரையில் சாதாரண அகலத்தில் 29 நெடுவரிசை தெரியும், 27 இன்ச்சில் 39, அல்ட்ராவைட்டில் 53. ஜி.எஸ்.டி. இணையதளம் தரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலில் விற்றவர் பதிந்த பில் இருக்கும், கடைக்காரரின் கொள்முதல் பதிவேட்டில் வாங்கியவர் எழுதியது இருக்கும். இரண்டையும் வரி வரியாக ஒத்துப் பார்ப்பதுதான் அவளுக்கு மாதாமாதம் தலைவலி. ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, தொகை, மூன்று வகை வரி என்று இரண்டு பக்கமும் நீளும். அவற்றை அருகருகே முழுசாக விரித்தாள், நடுவில் சட்டம் இல்லை, இடம் வலம் உருட்ட வேண்டியதில்லை. கடைக்காரர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் பில் படத்துக்கும் ஓரத்தில் இடம் மிஞ்சியது. அங்கேயே நின்று பத்து நிமிடம் வேலை பார்த்துவிட்டாள்.

வாங்குவதற்கு முன் அவள் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். மானிட்டர் கேபிள் செருகுவதற்குப் பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளை என்றால், 3440×1440-இல் திரை நொடிக்குப் புதுப்பிக்கும் எண்ணிக்கை (ஹெர்ட்ஸ்) 50 அல்லது அதற்கும் கீழே நின்றுவிட வாய்ப்பு உண்டு, மவுஸ் இழுவையாகத் தெரியும். எச்.டி.எம்.ஐ. 2.0, டிஸ்பிளே போர்ட், படம் கடத்தும் யு.எஸ்.பி. சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். அவளுடையதில் யு.எஸ்.பி. சி-யிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் கேபிள் வேலை செய்தது. அதற்குத் தனியாக 900 ரூபாய். 165 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது விளையாடுகிறவர்களுக்கு. கணக்குக்கு 60 போதும். அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இணையத்தில் 26,990, கடையில் பேரம் பேசி 27,500. 510 ரூபாய் கூடுதல் கொடுத்துக் கடையிலேயே வாங்கச் சொன்னேன். மூன்று வருடம் முன்பு இணையத் தள்ளுபடியில் நான் வாங்கிய ஒரு மானிட்டரில் கீழ் மூலையில் வெளிச்சம் கசிந்தது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் கவனித்தேன். சரிசெய்யச் சென்னைக்குப் போ என்றார்கள். ஈ.சி.ஆர். வழியாக 150 கிலோமீட்டர், மடியில் மானிட்டரோடு. அது நினைவிருக்கிறது. இந்த முறை கடையிலேயே பெட்டியைப் பிரித்தோம். முழுக்கறுப்புப் படம் ஒன்று, முழுவெள்ளை ஒன்று போட்டு, டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி மூலைகளைப் பார்த்தோம். வாரண்டியில் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிப் போக வேண்டுமா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கினோம்.

நான் வாங்கியது 16,500 ரூபாய் தட்டையான 27. பழைய 24-ஐத் தூக்கிப் போடவில்லை. 1,600-க்கு மானிட்டரைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு மானிட்டர் கை வாங்கி, அதை நெட்டுக்குத்தாகத் திருப்பி மாட்டினேன். 53 சென்டிமீட்டர் உயரத்தில் டெம்மிப் பக்கம் இரண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக நிஜ அளவில் நிற்கின்றன. மூலப்பிரதி அதில், வடிவமைப்பு இதில். மொத்தம் 18,100. அல்ட்ராவைட்டை 22,000-க்குக் கொடுத்திருந்தாலும் வளைவுக்காக நான் எடுத்திருக்க மாட்டேன். தங்கையோ அதற்கு 29,000 கொடுத்திருந்தாலும் தப்பில்லை என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு மளிகைக் கடையின் பில் ஒன்று நாலு மாதமாக ஒத்துவராமல் இருந்ததாம். இரண்டு பட்டியலும் ஒரே கோட்டில் நிற்க, கண்ணை நகர்த்தாமலே தெரிந்துவிட்டது: இடப்பக்கம் பில் எண்ணில் பூஜ்யம், வலப்பக்கம் அதே இடத்தில் ஆங்கில ஓ.