மே மாதத்தில் குற்றாலமா, பாபநாசமா, ஊர்ப் படித்துறையா?

சென்னையிலிருந்து யார் வந்தாலும் பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்கிற கேள்வி, "குற்றாலம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" அம்பாசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கடையம் வழியாகப் போனால் முதலில் பழைய குற்றாலமே வந்துவிடும். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, எந்த மாதம் போகிறோம் என்பதுதான் எல்லாம். இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அம்பத்தூரில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து 2022 ஜூன் கடைசியில் இங்கே குடிவந்தோம். புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் எது எப்போது நன்றாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தை நாங்கள் முதலில் பார்த்தது ஜூலையில். பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பிவிட்டோம். கடையம் தாண்டியதும் காற்று மாறியது, வெயிலும் இல்லை மழையும் இல்லை, கண்ணாடியில் பொடிப்பொடியாக ஈரம் வந்து ஒட்டுகிறது, இதுதான் சாரலா என்று என் மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தாள். பேரருவியில் தண்ணீர் தலையில் விழுந்தபோது முதல் சில நொடி மூச்சு விட முடியவில்லை, அப்புறம் தோளிலும் முதுகிலும் யாரோ உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி ஒரு சுகம். குளித்துவிட்டு வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி தின்றோம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்றார்கள், இரண்டிலும் கொஞ்சம் வாங்கினோம். அன்று நான் முடிவு செய்துவிட்டேன், கோடை விடுமுறை என்றால் இனி குற்றாலம்தான் என்று.

அந்த முடிவை நம்பித்தான் அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் தங்கை குடும்பத்தை அழைத்தேன். நான்கு பிள்ளைகள், இரண்டு கார். போய் நின்றால் பேரருவியின் பாறை முழுக்கத் தெரிகிறது, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ஒழுக்கு, அதன் கீழே ஐம்பது பேர் வரிசை. ஐந்தருவியிலும் கதை அதேதான். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்கள்: "ஏளா, குத்தாலத்துக்கு ஆனி, ஆடியில போணும். சித்திரையில போயி பாறையையா பாக்கப் போற? ஆத்துல தண்ணி ஓடுதுல்லா, அங்க போயி முங்கிட்டு வாங்க."

காரணம் எளிதுதான். குற்றாலத்து அருவிகளை ஓடவைப்பது தென்மேற்குப் பருவமழை. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை பிடித்ததும் ஆரியங்காவு கணவாய் வழியாக அந்த ஈரக்காற்று செங்கோட்டை, தென்காசிப் பக்கம் நுழைகிறது, மலை நனைகிறது, அருவி விழுகிறது. ஆகஸ்ட் வரை அதுதான் சீசன். அதாவது பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் குற்றாலம் திறக்கிறது. மே மாதத்தில் கோடை மழை பெய்தால் ஓரிரு நாள் விழும், ஆனால் அந்தத் தண்ணீரை நம்பிப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். மலைமேல் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் அதைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அந்த விசில் சத்தத்துக்கு உடனே நகருங்கள், இன்னும் ஒரு முங்கு என்று நிற்காதீர்கள்.

சரி, மே மாதத்துக்கு என்ன வழி? இங்கிருந்து பத்து கிலோமீட்டரில் பாபநாசம், அதற்கும் மேலே மலைப்பாதையில் அகஸ்தியர் அருவி. வருடம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி இது. ஏனென்றால் விழுவது தாமிரபரணியேதான், மேலே அணைகள் இருக்கின்றன. காரையாறு அணை என்று உள்ளூரில் சொல்வதைத்தான் செய்தியில் பாபநாசம் அணை, 143 அடி என்று வாசிக்கிறார்கள். கோடையிலும் குடிநீருக்காகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பதால், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அருவி நிற்பதில்லை. குற்றாலத்து ஜூலை வேகத்தோடு இதை ஒப்பிட முடியாது, சாரலும் கிடையாது, வெயில் பாறையைச் சுட்டுக்கொண்டிருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் நின்றுவிட்டு உள்ளே தலையைக் கொடுக்கும்போது வருகிற குளிர்ச்சிக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை.

வசதி என்று பார்த்தால் குற்றாலம் பல படி மேலே. அங்கே அருவிக்குப் பக்கத்திலேயே கடை, தங்கும் விடுதி, சாப்பாடு, இரவிலும் வெளிச்சம் எல்லாம் உண்டு. திரும்பும்போது செங்கோட்டை பார்டரில் புரோட்டா, நாட்டுக்கோழி என்று முடித்துக்கொள்ளலாம். அகஸ்தியர் அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறைச் செக்போஸ்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் கூடாது, மது கூடவே கூடாது, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். இது எனக்குப் பிடித்த கெடுபிடி. இதனால்தான் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமாகக்கூட நிம்மதியாகப் போய்வர முடிகிறது. நாங்கள் தூக்குச்சட்டியில் கூட்டாஞ்சோறும் தனியாக அப்பளமும் கொண்டுபோவோம், அப்பளம் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற கல்லிடைக்குறிச்சியில் வாங்கியது. முருங்கைக்கீரை போட்டு, துவரம்பருப்பும் அரிசியும் குழைய வெந்த அந்தச் சோற்றை, தலைமுடியில் சொட்டுகிற ஈரத்தோடு வாழையிலையில் வைத்துத் தின்றால், பிள்ளைகள் மறுபடி மறுபடி இலையை நீட்டுவார்கள். குரங்குகளுக்குக் கொடுக்காதீர்கள், பையையும் கையிலிருந்து விடாதீர்கள்.

பாபநாசத்தில் என்னை வருத்தப்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் இருக்கிற படித்துறை அவ்வளவு அழகு, காலை நீருக்குள் வைத்தால் மீன்கள் கூட்டமாக வந்து விரலைக் கடிக்கும், என் மகள் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே காலை எடுக்க மாட்டாள். அதே இடத்தில்தான் பரிகாரம் என்று சொல்லிக் கட்டிய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டி, சேலை என்று பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும். அள்ளி எடுத்தாலும் மறுபடி சேர்ந்துவிடுகிறது. இந்தத் தண்ணீரைத்தான் கீழே நாங்கள் குடிக்கிறோம், நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. தயவுசெய்து துணியைக் கையோடு திருப்பிக் கொண்டுபோங்கள். முங்கி எழுந்தாலே போதும்.

இனி ஊர்ப் படித்துறை. விருந்தாளிகளுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும், ஆற்றில் குளிப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. எனக்கோ இந்த மூன்றில் முதலிடம் இதற்குத்தான். காசு கிடையாது, பயணம் கிடையாது. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஐந்து நிமிடம், தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு வாளி. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் வெயில் ஆற்றுப் பாலத்துக்கு மேற்கே சாய்ந்திருக்கும், பொதிகை மலை நீலமாக எழும்பி நிற்கும், கடைசிப் படியில் உட்கார்ந்தால் தண்ணீர் இடுப்பு வரை. மேலாக வெதுவெதுப்பு, காலடியில் ஐஸ். துணி துவைக்கிற அக்காக்கள் ஊர்ச் செய்தி பேசுவார்கள், நானும் இப்போது அதில் ஒருத்தி. அருவியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, பின்னால் ஆள் நெருக்கும். ஆற்றில் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. என் மகள் நீச்சல் கற்றுக்கொண்டது இந்தப் படித்துறையில்தான். ஆச்சியின் பேரன் அவள் இடுப்பில் சேலையைக் கட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏ பிள்ள, காலை அடி, காலை அடி" என்று கத்திக் கத்திப் பத்தே நாளில் மிதக்க வைத்துவிட்டான். அம்பத்தூரில் நீச்சல் வகுப்புக்கு இரண்டு கோடை பணம் கட்டி வராதது.

ஆனால் ஆறு பழகின ஆள் கூட இருக்க வேண்டும். கசம் எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும், பார்க்க அமைதியாக இருக்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழம் இருக்கும். பாறையில் பாசி வழுக்கும். இதே தாமிரபரணி 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எப்படி வெள்ளமாக வந்தது என்று பார்த்தவள் நான், அதனால் அணை திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் அன்று படித்துறைப் பக்கமே போவதில்லை.

மணிமுத்தாறும் எங்களுக்குப் பக்கம்தான், அங்கே அணைப் பூங்காவில் சாயங்காலக் காற்றுக்கு நன்றாக இருக்கும், அருவிக்கு வனத்துறை விடுகிற நாளா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். திருச்செந்தூர் கடல் வேறு ரகம், எங்களுக்கு நூறு கிலோமீட்டர் கிட்ட வரும். மெரினாவுக்குப் பழகின நாங்கள் முதல் வருடம் கடலைத் தேடி இரண்டு முறை போனோம். மே மாத மத்தியானத்தில் மணல் கொதிக்கும், கூட்டம் அதிகம். கடற்கரை ஓரத்திலேயே இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியம் தருகிறது. கோயிலுக்கென்று போங்கள், வெயிலுக்கு இளைப்பாற என்று வேண்டாம்.

திருச்செந்தூர்ப் பாதைக்கு வேறொரு பெருமை உண்டு, வழியெல்லாம் பதநீர். குடிக்கிற விஷயத்தில் இங்கே இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் நன்னாரி சர்பத் கட்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஐஸ் உடைத்துப் போட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த நேரமும் கிடைக்கும் என்பார். நான் பதநீர். பதினோரு மணிக்குமேல் நல்லது கிடைப்பது கஷ்டம், வெயில் ஏறினால் ருசி போய்விடும், அது மட்டும்தான் குறை. பனையோலையைப் பட்டையாக மடித்துக் கையில் கொடுத்து, அதில் இரண்டு நுங்கைப் பெருவிரலால் நோண்டிப் போட்டு, மேலே பானையிலிருந்து ஊற்றுவார்கள். வாயருகே கொண்டுபோனதும் பச்சை ஓலை வாசனை, அப்புறம் தித்திப்பு, கடைசியில் நாக்கில் லேசாகச் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும், அதனால்தான் கலயத்தின் உள்ளே தடவிப் பனையில் கட்டுகிறார்கள். சென்னையில் பாட்டிலில் வாங்கிக் குடித்தது இதுவே இல்லை. ஒரு பட்டை குடித்தால் மத்தியானம் வரை பசிக்காது, சர்பத் குடித்தவருக்கு அரை மணியில் மறுபடி தாகம் எடுக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பதநீர்தான். பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிற காலத்தில் அவர்கள் கையில் நேராகக் காசு போகிறது என்பதும் என் மனதுக்குப் பிடித்திருக்கிறது.

இந்த மே மாதமும் தங்கை வருகிறாள். காலையில் பதநீர், ஒரு நாள் அகஸ்தியர் அருவி, மற்ற எல்லா நாளும் சாயங்காலம் படித்துறை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் குற்றாலம் குற்றாலம் என்று போனிலேயே அடம் பிடித்தார்கள். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலையில் தென்காசி, ஸ்டேஷனுக்கு நாங்கள் வண்டியோடு வந்துவிடுகிறோம், இரண்டு நாள் ஆசை தீரக் குளித்துவிட்டு ஞாயிறு சாயங்கால வண்டியைப் பிடித்துவிடலாம் என்று சொன்னேன். முன்பதிவு திறந்ததுமே டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன், சீசன் தொடங்கிவிட்டால் கிடைக்காது.