சிம்கோ ஏரி ஐஸ் ஃபிஷிங் ஹட், கூடவே ஐஸுக்கு மேல நெருப்பு: காசு குடுக்கலாமோ?

நீட்டி வாசிக்க நேரமில்லாத ஆக்களுக்கு முதலே மார்க்ஸை போட்டு விடுறன். ஹட்டுக்கு (உறைஞ்ச ஏரிக்கு மேல வச்ச, உள்ள இருந்து மீன் பிடிக்கிற சின்னக் குடில்) 5க்கு 3, மீனுக்கு ரெண்டரை, நெருப்புக்கு 5க்கு 5, ரொய்லெட்டுக்கு மைனஸ் குடுக்க ஏலுமெண்டா மைனஸ். கொம்பனி பேர் போடேல்ல, தாயும் மகனும் ரெண்டு வேலைக்காரரும் சேந்து நடத்துற சின்ன பிஸ்னஸ், குறையும் சொல்லப் போறன் எண்டபடியா அது வேண்டாம். ஏரிக்கரையில இருக்கிற ஜோர்ஜினா பக்கம் கரையோர ரோட்டால போனா ஹட் வாடகைக்கு எண்டு போர்ட் வச்ச இடம் கனக்க வரும், நான் சொல்லுறதை வச்சு எந்தக் கொம்பனியையும் நீங்களே அளந்து பாக்கலாம்.

ஸ்காபரோவில இருந்து 404 ஹைவே பிடிச்சு அது முடியுற இடம் வரைக்கும் ஏறினா ஏரிக்கரை ஊர் கெஸ்விக் வந்திடும், ட்ராஃபிக் இல்லாட்டி ஒரு மணித்தியாலம். சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீற்றருக்கு மேல, பாத்தா கடல் மாதிரி. மாரியில உறைஞ்ச பிறகு கரையில இருந்து பாத்தா வெள்ளைக்கு நடுவில சின்னச் சின்ன பெட்டியளா ஹட்டுகள். ஒவ்வொரு ஹட்டிலயும் பெரிசா நம்பர் எழுதி இருக்கும், அது அரசாங்கத்திட்ட பதிஞ்ச நம்பர், அது இல்லாத ஹட்டுக்குள்ள போய் இருக்காதேங்கோ.

பேக்கேஜ் தலைக்கு 85 டொலர். அதுக்குள்ள கரையில இருந்து ஏத்தி இறக்குறது, ஹீற்றர் போட்ட ஹட், முதலே துளைச்சு வச்ச ஓட்டை, இரைக்கு மின்னோ (சின்ன மீன்) ஒரு வாளி. தூண்டில் தனி, நெருப்பு தனி. நெருப்புக்கு மொத்தமா 50 டொலர், தலைக்கு இல்ல. ஃபோனில அந்த அம்மா நெருப்பு எண்டவுடன நான் சிரிச்சுப் போட்டன், ஐஸுக்கு மேல நெருப்பு மூட்டினா நாங்கள் எல்லாரும் கீழ போயிட மாட்டமோ எண்டு, அவ நாளைக்கு பத்துப் பேர் கேக்கிற கேள்வி இது எண்டு பொறுமையா விளங்கப்படுத்தினா, அதுக்கே ஒரு மார்க் கூட்டிப் போட்டன்.

லைசன்ஸ் விசயம் கெதியா சொல்லிடுறன். ஒன்ராரியோவில இருக்கிற 18க்கும் 64க்கும் இடைப்பட்ட ஆக்கள் எல்லாருக்கும் வேணும். பிள்ளையளுக்கும் 65 தாண்டின ஆக்களுக்கும் தேவையில்ல, ஐடி இருந்தாக் காணும். மாமிக்கு இது பெரிய சந்தோசம், இந்த நாட்டில தனக்கு மட்டும் சும்மா கிடைச்ச ஒரே சாமான் எண்டு. ஃபெப்ரவரியில ஃபமிலி டே வீக்கெண்ட் கனடாவில இருக்கிற எல்லாருக்கும் லைசன்ஸ் இல்லாமப் பிடிக்கலாம், ஆனா அண்டைக்கு ஹட் கிடைக்காது.

கரையில இருந்து ஸ்னோமொபிலுக்குப் பின்னால கட்டின பெட்டி வண்டியில கொண்டு போனாங்கள். போற வழியில மகன்காரன் நிப்பாட்டி, ஓகரால ஒரு ஓட்டை துளைச்சு ஐஸ் எவ்வளவு மொத்தம் எண்டு பிள்ளையளுக்கு கை விட்டுக் காட்டினார், சுத்தமா ஒரு முழம். கனடா ரெட் க்ரொஸ் சொல்லுறது தனி ஆள் நடக்க 15 சென்ரிமீற்றர், கனபேர் சேந்து நிக்க 20, ஸ்னோமொபிலுக்கு 25. அதுவும் தெளிஞ்ச நீல ஐஸுக்குத் தான். ஸ்னோ ஊறி வெள்ளையா உறைஞ்ச ஐஸ் அதில பாதிப் பலம் தான் தாங்கும். இதை நாங்கள் கேக்க முதலே காட்டினது எனக்குப் பிடிச்சது. காட்டாத கொம்பனியிட்ட நீங்கள் வாய் விட்டுக் கேளுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்ல.

ஹட் பரவாயில்ல. ப்ளைவூட் பெட்டி, ரெண்டு பக்கமும் வாங்கு, நடுவில நாலு ஓட்டை, மூலையில புரொப்பேன் ஹீற்றர், சுவரில கார்பன் மொனொக்சைட் அலாரம். அலாரம் இருந்தது நல்லது, ஆனா காத்து போற ஓட்டைக்குள்ள ஆரோ பழைய துணியை அடைஞ்சு வச்சிருந்தாங்கள், எங்களுக்கு முதல் வந்த குரூப்பா இருக்கும், அதை காலமை ஒருக்கா செக் பண்ணாம விட்டது பெரிய பிழை, அந்த வாயு மணக்காது, தலையிடி வந்து அப்பிடியே நித்திரை மாதிரி மயக்கம் வந்திடும். நான் இழுத்து எறிஞ்சிட்டு மகன்காரனிட்ட சொன்னன், உடன மன்னிப்புக் கேட்டார். எண்டாலும் ஹட்டுக்கு ரெண்டு மார்க் குறைஞ்சது அதால தான்.

மீன் எண்டு பாத்தா பேர்ச். மஞ்சள் உடம்பில கறுப்பு வரி, உள்ளங்கையிலும் கொஞ்சம் நீட்டு. தண்ணி 4 டிகிரியில தான் ஆகப் பாரமா இருக்கும், அதால அடித்தண்ணி உறையாம அந்தச் சூட்டில நிக்கும், மீனும் அங்க தான் கிடக்கும், தூண்டிலை நிலம் தட்டும் வரைக்கும் இறக்கிப் போட்டு ஒரு சாண் தூக்கி ஆட்டிக்கொண்டு இருக்க வேணும். லைசன்ஸுக்கு நாளுக்கு 50 பேர்ச் வரைக்கும் எடுக்கலாம், கொன்சர்வேஷன் எண்டுற சின்ன லைசன்ஸ் எண்டா 25, நாங்கள் அந்தக் கணக்குக்கு கிட்டவும் போகேல்ல. காலமை ஒரு மணித்தியாலம் விடாம கடிச்சுது, பிறகு பொழுது படும் வரைக்கும் கடைக்குப் போன மாதிரி ஆளில்ல. இதுக்குக் கொம்பனியைக் குறை சொல்ல ஏலாது, ஆனா ஹட்டை இடம் மாத்திப் பாப்பமோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பக்கத்து ஹட் ஆக்கள் மீன் எங்க நிக்குது எண்டு காட்டுற சோனார் வச்சுக்கொண்டு இழுத்தபடி இருந்தாங்கள். வாடகைக்குத் தந்த ரெண்டு தூண்டிலில ரீல் இறுகிக் கிடந்தது, உங்களிட்ட சொந்தமா இருந்தா கொண்டு போங்கோ.

இனி நெருப்பு. இதுக்குத் தான் இவ்வளவு எழுதுறன்.

ஐஸுக்கு மேல நெருப்பு மூட்டினா ஐஸ் உருகி ஆக்கள் விழுவினம் எண்டது எல்லாருக்கும் இருக்கிற பயம். ஒரு கிலோ காய்ஞ்ச விறகின்ர சூடு ஒட்டுமொத்தமா ஐஸுக்குள்ள போனா 40 கிலோவுக்கு மேல ஐஸ் உருகும், பேப்பரில பாத்தா நெஞ்சு பதறும். ஆனா நெருப்பின்ர சூட்டில பெரும்பங்கு மேல தான் போகும், காத்தோட. கீழ போற கொஞ்சம் ஐஸின்ர மேல்தோலை உருக்கும், அந்தத் தண்ணி அங்கேயே குளமா நிக்கும், தணல் அதுக்குள்ள இறங்கி சீ எண்டு அணையும். அதால மொத்த ஐஸில உண்மையான பிரச்சினை நீங்கள் விழுறது இல்ல, நெருப்பு செத்துப் போறது தான். சுத்தி ஒரே சேறு, கறுத்த தண்ணி, சப்பாத்து நனைஞ்சா அண்டைய நாள் முடிஞ்சுது, வெளியில மைனஸ் 17.

இவங்கள் செய்தது என்னெண்டா, பழைய வோஷிங் மெஷினுக்குள்ள இருக்கிற ஸ்டீல் ட்ரம் ஒண்டை எடுத்து, முழங்கால் உயரத்துக்கு இரும்புக்கால் அடிச்சு, கீழ சாம்பல் விழ ஒரு தகரத் தட்டு வச்சிருக்கிறாங்கள். ட்ரம்மைச் சுத்தி ஓட்டை இருக்கிறபடியா காத்து நல்லா இழுக்குது, புகை குறைவு, சூடு நாலு பக்கத்தாலயும் வருது. பின்னேரம் தட்டைத் தூக்கிப் பாத்தன், கீழ ஸ்னோ கொஞ்சம் மினுங்குது, அவ்வளவு தான், குழி விழேல்ல. கடையில நூற்றுக்கணக்கில விலை போட்டு விக்கிற ஃபயர் பிட் இதுக்குக் கிட்ட நிக்காது எண்டு நான் சத்தியம் பண்ணுவன், மச்சான் இப்ப தெருவில எறிஞ்ச வோஷிங் மெஷின் தேடித் திரியிறான்.

வச்ச இடத்தையும் பாருங்கோ. ஹட்டில இருந்து பத்துப் பதினைஞ்சு அடி தள்ளி, காத்துப் போற பக்கமா. பொறி பறந்தாலும் ஹட் பக்கம் வராது. நைலோன் கூடாரம் அடிக்கிற ஆக்கள் இதை இன்னும் கவனிக்க வேணும், ஒரு பொறி காணும் ஓட்டை விழ. எங்கட ஸ்னோ பான்ட்ஸும் அதே சாதித் துணி தான், நெருப்புக்குக் கிட்ட ஒட்டி நிண்டா சத்தமில்லாம உருகும். இன்னொரு விசயம், வெளியில போட்ட தூண்டில் எல்லாம் நாங்கள் நெருப்படியில இருந்தபடி வடிவாத் தெரிஞ்சுது. சட்டப்படி ஐஸில ரெண்டு தூண்டில் போடலாம், ஆனா 60 மீற்றருக்குள்ள நிக்க வேணும், மறைப்பில்லாம தூண்டில் தெரியவும் வேணும். நெருப்பை எங்கேயோ தூரத்தில மூட்டித் தாற கொம்பனி எண்டா ஒண்டில் குளிர் காயலாம், இல்லாட்டி மீன் பிடிக்கலாம், ரெண்டும் நடக்காது.

விறகு நல்ல காய்ஞ்ச மேப்பிள், மூட்ட சீடர் சிராய், கொஞ்சம் பேர்ச் மரத்துப் பட்டை (மீன் perch, மரம் birch, தமிழில எழுதினா ரெண்டும் பேர்ச், மாமி கடைசி வரைக்கும் குழம்பினா). மேப்பிள் தணல் கனநேரம் நிக்கும். பைன், ஸ்ப்ரூஸ் எண்டா பிசின், வெடிச்சுப் பொறி பறக்கும், அதைத் தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வீட்டில இருந்து விறகு கொண்டு போகவும் வேண்டாம், ஆஷ் மரத்தைத் தின்னுற பச்சை வண்டு விறகோட தான் ஊரூராப் பரவினது. வேற கொம்பனி ஒண்டில முந்தி எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன், நெருப்பு இருக்கு எண்டு காசு வாங்கிப் போட்டு ரெண்டு பழைய பாலெட்டை உடைச்சு நேரா ஐஸில போட்டாங்கள், ஒரே புகை, அரை மணித்தியாலத்தில குழிக்குள்ள இறங்கி அணைஞ்சுது, மிச்சத்தில ஆணி எல்லாம் ஐஸுக்குள்ள நிண்டுது. அந்த ஆணி ஆற்றையாவது சப்பாத்தில ஏறும், ஏறாட்டி பனி கரைய ஏரிக்குள்ள போகும், பிறகு யூலையில பிள்ளையள் அந்தத் தண்ணிக்குள்ள தான் இறங்கி நீந்துதுகள். இவங்கள் வெளிக்கிடேக்க தணலை மூடியுள்ள இரும்பு வாளியில அள்ளி, சாம்பல் தட்டோட கரைக்குக் கொண்டு போனாங்கள், ஒரு கரித்துண்டு ஐஸில விடேல்ல. என்னைக் கேட்டா ஒரு ஹட் கொம்பனி எப்பிடி எண்டு அறிய வெப்சைட்டில மீன் படம் பாக்கிறதில அர்த்தமில்ல, சாம்பலை என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டாக் காணும்.

லைட்டர் கொண்டு போற ஆக்கள் உள் பொக்கெற்றில வையுங்கோ. சாதாரண லைட்டரில இருக்கிறது பியூட்டேன், அது சைபர் டிகிரிக்குக் கீழ வாயுவா வராது, மச்சான் தட்டித் தட்டி பெருவிரல் சிவந்தது தான் மிச்சம். ஹட் ஹீற்றரில இருக்கிற புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் தாக்குப் பிடிக்கும், அதால தான் அது எரிஞ்சுகொண்டு இருக்கு.

சாப்பாடு நாங்களே கொண்டு போனது. ட்ரம்முக்கு மேல வைக்க அவங்களே ஒரு இரும்பு வலையும் தாறாங்கள், அதில தாச்சியை வச்சு, பேர்ச்சை உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய் போட்டுப் பிரட்டிப் பொரிச்சம். வெள்ளைக்காரர் மாவில தோய்ச்சுப் பொரிக்கிறது வழக்கம், தேவையே இல்ல, அந்த மீனுக்கு வெடுக்கே கிடையாது, தோல் மொறுமொறு எண்டு வந்தது. பாணுக்குள்ள வச்சு வெங்காயத்தோட சாப்பிட்டம். பக்கத்து ஹட் ரெண்டு பேர் மணம் பிடிச்சு வந்து நிண்டாங்கள், மாமி இங்கிலீஷ் இல்லாமலே ரெண்டு துண்டு குடுத்து சோனாரை எங்கட பக்கம் கொண்டு வரப் பண்ணிப்போட்டா. அங்கேயே சுத்தம் பண்ணிச் சாப்பிடுறது பிரச்சினை இல்ல, ஆனா அதுவும் அண்டைய கணக்கில சேரும். வீட்டுக்குக் கொண்டு போறதை தோலோட, என்ன மீன் எத்தினை எண்டு ஒஃபீசர் பாத்து எண்ணக் கூடியமாதிரி வைக்க வேணும், எல்லாத்தையும் ஒரே பையில துண்டு துண்டா போடாதேங்கோ. மிஞ்சின மின்னோவை ஓட்டைக்குள்ள ஊத்துறதும் குற்றம்.

நடுவில ஐஸ் ஒருக்கா பெரிய சத்தம் போட்டுது, ஆழத்தில இருந்து டும் எண்டு. மாமி கதிரையை விட்டு எழும்பி "தம்பி, இது வெடிக்குது, வாங்கோ போவம்" எண்டா. குளிர் கூடிக் குறையேக்க ஐஸ் சுருங்கி விரியிற சத்தம் அது எண்டு மகன்காரன் சொன்னார், நான் தமிழில சொன்னன், அவ நம்பேல்ல, ஆனா நெருப்பை விட்டுப் போகவும் மனமில்லாம திரும்ப இருந்திட்டா.

ரொய்லெட். நாலு ஹட்டுக்கு ஒண்டு, 200 மீற்றருக்கு அங்கால, ஹீற்றர் இல்ல, கதவுக்குக் கொளுக்கியும் இல்ல. மனுசியும் மகளும் ஒராள் கதவைப் பிடிக்க ஒராள் போனவை. வயசான ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா ஃபோன் பண்ணினா ஸ்னோமொபிலில ஏத்திக்கொண்டு போவாங்கள், அது உண்மை தான், ஆனா ஃபோன் பண்ணி இருபது நிமிசம் கழிச்சுத் தான் வந்தாங்கள். 85 டொலர் வாங்கிற இடத்தில ஒரு கொளுக்கி அடிக்க என்ன கஷ்டம் எண்டு விளங்கேல்ல. காலமை ரீயை அளவாக் குடியுங்கோ.

அஞ்சு பேர் போனா நெருப்புக்கு தலைக்கு 10 டொலர் தான் வருது, அதை விட்டிட்டு ஹட் மட்டும் எடுக்கிறதெண்டா இவங்களிட்ட போகத் தேவையில்ல, அதிலும் மலிவா வேற ஆக்கள் இருக்கினம். புக் பண்ணேக்க ஒண்டு கவனியுங்கோ, இந்தப் பக்கம் மார்ச் 15க்குள்ள ஹட் எல்லாத்தையும் ஏரியில இருந்து எடுத்துப்போட வேணும், அதால மார்ச் திகதி எடுத்து மழை பெய்து ஐஸ் கெட்டுதெண்டா காசு திரும்பத் தர மாட்டாங்கள், அடுத்த வருசத்துக்கு கிரெடிட் தான்.