இல்லாத ஓர் இசைக்குழுவின் சிடி

அலமாரியைக் காலி செய்தபோது பழைய சிடிகளுக்கு நடுவில் ‘எல் பைலே அலெமான்’ கிடைத்தது. செனியோர் கோகோநட் என்ற பெயரில் 2000-இல் வந்த ஆல்பம். வாங்கிய புதிதில் ஒரு மாதம் விடாமல் கேட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் மறந்தே போய்விட்டது. இப்போது மூன்று மாதமாக மறுபடியும் அதுதான் ஓடுகிறது.

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழுவின் பாட்டுகளை, அந்தக் கால லத்தீன் அமெரிக்க நடன அரங்கில் வாசிப்பதுபோல சா-சா-சா, கும்பியா, மெரெங்கே தாளங்களில் போட்டிருக்கிறார்கள். தலைப்புக்கே ‘ஜெர்மானிய நடனம்’ என்றுதான் பொருள். விறைப்பாக நின்ற மெட்டுகள் எல்லாம் இடுப்பை வளைத்து ஆடும். முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அப்படி ஓர் இசைக்குழுவே கிடையாது. ஊவே ஷ்மிட் என்ற ஜெர்மன்காரர் சிலி நாட்டின் சாண்டியாகோவுக்குக் குடிபோனவர். கணினியில் சாம்பிள்களை, அதாவது ஏற்கெனவே பதிவான ஒலித் துண்டுகளை, வெட்டி ஒட்டியே இந்தக் கச்சேரியைக் கட்டியிருக்கிறார். பாடும் வெனிசுலாக்காரர் ஆர்ஹெனிஸ் பிரிட்டோவின் குரல் நிஜம். அவர் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பைக் காட்டுவதில்லை. அதனால்தான் பாட்டு வெறும் வேடிக்கையாகாமல் நிலைத்து நிற்கிறது.

இது தெரிந்த பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். ஒரு டிரம்பெட் வீச்சின் எதிரொலி முழுசாக அடங்குவதற்குள் அடுத்த துண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தையல் தெரிகிறது, ஆனால் துணி சுருங்கவில்லை. கிராஃப்ட்வெர்க்கில் மனிதர்கள் இயந்திரமாக நடித்துச் செய்த இசையை, இவர் இயந்திரத்தை வைத்து மனிதர்கள் வாசிப்பதுபோலச் செய்திருக்கிறார்! எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பாரோ.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’. 1977-இல் வந்த மூலப்பாட்டில் ரயில் இரும்பின் மேல் ஓடும். இங்கே கும்பியாவின் ‘சுக்-சுகு-சுக்’ என்று சுரண்டும் தாள ஒலியே ரயிலாகிவிடுகிறது. கும்பியாவுக்குள் ரயில் எப்போதும் இருந்தது, இவர் காதில்தான் அது விழுந்திருக்கிறது. ‘ஷோரூம் டம்மீஸ்’ கேட்கக் கேட்க மெருகேறுகிறது. ‘ஹோம் கம்ப்யூட்டர்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பாதிக்கு மேல் தாளம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. சின்ன ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் என்கிற அடித்தள ஒலி காணாமல் போய், வெறும் தமாஷ் பாட்டாகத்தான் கேட்கும். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் மட்டும் முழு ஆல்பத்தையும் கேளுங்கள்.

2006-இல் ஷ்மிட், யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய மின்னிசைக் குழுவின் பாட்டுகளை இதே பாணியில் ‘யெல்லோ ஃபீவர்!’ என்று கொண்டுவந்தார். அதுவும் நன்றாக இருக்கிறது, இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப எடுப்பது இந்தப் பழையதைத்தான். சிடியில் கீறல் விழுந்து கடைசிப் பாட்டு இரண்டு இடத்தில் தாவுகிறது. சரி, அந்தத் தாவலும் தாளத்தோடு போகிறது என்று விட்டுவிட்டேன்.