அருங்காட்சியகத்தில் டச் டேபிள்: ஒன்பது ஆண்டு பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

2016 ஜூன் மாதம் எங்கள் அருங்காட்சியகத்துக்கு முதல் டச் டேபிள், அதாவது விரலால் தொட்டுப் படமும் விவரமும் பார்க்கும் திரை பதித்த மேசை, வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன இடம், மூன்றே அறைகள். முதுமக்கள் தாழிகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், துருவேறிய கத்திகள், கீறல் எழுத்துள்ள ஓடுகள். அன்றிலிருந்து அந்த மேசையையும் அதற்குப் பின்னால் வந்தவற்றையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புதிதாக வாங்கப்போகிறவர்கள் ஃபோன் செய்து "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் மேசை 42 அங்குலம், இன்ஃப்ராரெட் ஃபிரேம் வைத்தது. கண்ணாடியின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எது மறித்தாலும் அதைத் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும். விலை குறைவு, பெரிய அளவிலும் கிடைக்கும். மழைக்காலம் வந்ததும் யாரும் தொடாமலே படங்கள் புரள ஆரம்பித்தன. சர்வீஸ் ஆள் இரண்டு முறை வந்து மென்பொருளை மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். காரணத்தைக் கண்டுபிடித்தது கூட்டித் துடைக்கும் அக்கா. "தம்பி, ஈ உக்காருத எடத்துலதான் படம் மாறுது, நல்லாப் பாருங்க" என்றார். பார்த்தால் அதேதான். ஃபிரேமின் உள்விளிம்பில் சேரும் தூசியும் இதே வேலையைச் செய்தது. தினமும் காலையில் உலர்ந்த துணியால் அந்த விளிம்பை அவர் துடைக்க ஆரம்பித்த பிறகு பாதிப் புகார் நின்றது. விரலின் மின்தன்மையை உணரும் கெப்பாசிட்டிவ் திரைகள் ஈயைக் கண்டுகொள்வதில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் எங்களைப்போல் கதவு திறந்தே கிடக்கும் கூடங்களுக்கு அதுதான் சரி என்பேன்.

ஈயைவிடப் பெரிய தொல்லை எழுத்தில் இருந்தது. அந்த மென்பொருளில் தமிழ் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை, ஒழுங்காக வராது. 'கொடுமணல்' என்று அடித்தால் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமும் பிரிந்து நிற்கும். செய்துகொடுத்தவர்கள் ஒரு சுருக்கு வழி பிடித்தார்கள்: தமிழ் வாசகம் முழுவதையும் படமாக மாற்றி ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழடி அறிக்கை வந்தது; அதுவரை கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவந்த காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்குப் போனது. எங்கள் திரையில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டும். திருத்துவதற்கான மூலக் கோப்பு எங்களிடம் இல்லை. செய்தவர்களிடம் கேட்டால், அதை வடிவமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் சரியான காலத்தைக் காகிதத்தில் அச்சடித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் திரையில் இருப்பதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஊரடங்கில் பல மாதம் பூட்டிக் கிடந்த மேசை 2021-இல் திறந்தபோது உயிர் பெறவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. வேறு கணினி வாங்கி, கையிலிருந்த சி.டி.யைப் போட்டால் ஓடவில்லை. எல்லாம் ஃபிளாஷ் என்ற பழைய அடோபி மென்பொருளில் செய்தது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. மேசையும் கண்ணாடியும் புதுசுபோல் இருக்க, உள்ளே காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பெரிய இடங்களுக்கும் இந்த மாற்றத்திலிருந்து விலக்கில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013-இல் 40 அடி நீளத் தொடுசுவருடன் ஒரு கூடத்தைத் திறந்தது. நான்கே ஆண்டில், 2017-இல், அந்தக் கூடத்தைப் புதிதாக மாற்றி அமைத்தார்கள். அவர்களுக்கு அதற்கான ஆட்களும் பணமும் உண்டு. நமக்கு ஒருமுறை கிடைக்கும் நிதியில் பத்து ஆண்டு ஓட்டியாக வேண்டும்.

2022-இல் மறுபடி செய்தபோது அப்படிப்பட்ட தனி மென்பொருளையே விட்டுவிட்டு, சாதாரண இணையப் பக்கங்களாக எழுதச் சொன்னோம். இணைய இணைப்பு வேண்டாம், மினி பி.சி.யில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அதில் முழுத்திரையில் ஒரு பிரவுசர், அவ்வளவுதான். தமிழ் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டி எடுத்த மாதிரிகளை வைத்துத் தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோன அரசு அறிக்கை வந்தது. மேசையிலோ கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் கி.மு. 2172 என்ற பழைய கணக்கு இருந்தது. அன்று சாயங்காலமே கீபோர்டை மாட்டி நானே மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒன்பது ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்த நாள் அது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊழியர்கள் சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள்; அதை மாற்ற முயன்று தோற்றேன். அதனால் கணினியைப் பழக்கத்துக்கு ஏற்றபடி அமைத்தோம். மின்சாரம் வந்தால் தானே எழுந்துகொள்ளும், போனால் யு.பி.எஸ். தகவல் சொல்ல, ஒழுங்காக அணையும். மேசையின் அடிப்பக்கம் முழுக்க மூடிய மரப்பெட்டியாக இருந்ததால் கோடையில் உள்ளே கை வைக்க முடியாத சூடு. தச்சரை வைத்துப் பின்பக்கம் துளை போட்டோம். பீரோவில் இன்னொரு மினி பி.சி. எல்லாம் ஏற்றித் தயாராக இருக்கிறது. கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றலாம்.

ப்ரொஜெக்டர் வாங்குகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 7 மணி, வாரம் 6 நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,200 மணி. 3,000, 4,000 மணி உழைக்கும் லேம்ப் இரண்டாம் ஆண்டிலேயே முடிந்துவிடும். 20,000 மணி சொல்லும் லேசர் வகை ஒன்பது ஆண்டு தாங்கும். லேம்ப் விலையைச் சேர்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

எதை வைத்தால் மக்கள் நிற்கிறார்கள்? பல அடுக்கு மெனுவும் நீண்ட கட்டுரையும் வீண். முப்பரிமாணப் பானைச் சுழற்சிக்கு நிறையச் செலவு செய்தோம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயரைத் தமிழில் தட்டினால் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் காட்டும் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கேதான் வரிசை. தன் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள ஓட்டில் அதே எழுத்தைத் தேடுகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பொருளைப் பார்க்க அனுப்பாத திரையை நான் இனி வாங்க மாட்டேன்.

இப்போது இரண்டாவது அறைக்கு 43 அங்குலத் திரை ஒன்று பார்த்துவருகிறோம். நாங்கள் விலை விசாரித்த மூன்று விற்பனையாளர்களிடமும் மூலக் கோப்புகளை எழுத்துமூலம் கேட்டேன், இருவர் ஒப்புக்கொண்டார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் மாதிரியைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சைப் பத்து முறை அணைத்துப் போடச் சொன்னேன். எட்டாவது முறை திரை கறுப்பாகவே நின்றது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், சரிசெய்து வியாழக்கிழமை வருகிறேன் என்று.