கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சித்தாள்: சுங்கை சிப்பூட் கடைகளில் கிடைக்கும் கட்டு எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்பூட் பட்டணத்து எழுதுபொருள் கடைகளில் முதல், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பயிற்சித்தாள் கட்டு ஒன்று விற்கிறது. 40 தாள், 8 வெள்ளி. எல்லாமே கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சிகள். மலாய்மொழி வழித் தேசியப்பள்ளியில் படித்துக்கொண்டே தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வாங்கலாம். ஆனால் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

வேற்றுமைப் பகுதி அருமையாக வந்திருக்கிறது. "அப்பா ______ (தோட்டம்) வேலை செய்கிறார்" என்று பெயர்ச்சொல்லைப் பக்கத்திலேயே தந்துவிடுகிறார்கள். எந்தச் சொல் என்று பிள்ளை ஊகிக்க வேண்டியதில்லை. 'தோட்டத்தில்' என்று மாற்றத் தெரிகிறதா என்பது மட்டுமே கேள்வி. அடுத்த வரியில் வீடு, அதற்கடுத்து ஆறு. 'வீட்டில்', 'ஆற்றில்' என்று மாறும் விதமும் மாறிக்கொண்டே போவதால், முதல் விடையைப் பார்த்து மற்றவற்றை நிரப்ப முடியாது. கோடுகள் எல்லாம் ஒரே நீளம். சொல்லின் அளவுக்குக் கோட்டைச் சுருக்கினால் அதுவே துப்பாகிவிடும்.

விடைச் சொற்களைப் பட்டியலாகத் தரும் சொற்பட்டிப் பகுதியில்தான் சிக்கல். "அம்மா கடைக்குப் ______." பட்டியில் போனார், வந்தார், சென்றார். அந்த 'ப்' விடையைச் சொல்லிவிடுகிறது! வாக்கியத்தைப் படிக்காமலே 'போனார்' என்று எழுதிவிடலாம். "ஓர் ______" என்று வரும் இடங்களிலும் இதே கதைதான். பட்டியில் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றே ஒன்று. கோட்டுக்கு முன்னால் உள்ள ஒற்றெழுத்தை அழித்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒற்றில்லாமல் 'கடைக்கு போனார்' என்றே பிள்ளை எழுதிப் பழகும். கோட்டுக்கு முன்னால் ஒற்று மிகாத சொல்லைக் கொண்டுவருவதே சரியான வழி: "அம்மா கடைக்கு நடந்து ______." பட்டியில் போனார், குடித்தார், தைத்தார் என்று வைத்தால் பொருள் புரிந்தால்தான் விடை வரும்.

இரண்டு விடை பொருந்தும் கேள்விகளும் உண்டு. "தாத்தா பால் ______" என்பதற்குப் பட்டியில் குடித்தார், எடுத்தார். மரப்பாலும் பால்தான் என்று அறிந்த ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் சரி. விடைத்தாள் ஒன்றை மட்டும் ஏற்கிறது. பிள்ளை எழுதியது தவறு என்று சிவப்பு மையில் சுழிப்பது அநியாயம். "ரப்பர் மரத்திலிருந்து" என்று சேர்த்தால் குழப்பம் போய்விடும்.

எழுத்து நிரப்பும் தாள்களில் "ப_ம்" என்று இருக்கிறது. பழம், படம், பணம், பயம் எல்லாம் பொருந்தும். பக்கத்தில் படம் இருக்கிறதுதான், ஆனால் அச்சு கறுத்துப்போய் அது பழமா பணமா என்று தெரியவில்லை. சொல்லை ஊகிக்க உதவும் ஒரு வாக்கியத்தைக் கீழே கையால் எழுதிக்கொடுங்கள்.

இன்னொன்று: 6 கோட்டுக்கு 6 சொல்தான் தருகிறார்கள். ஐந்தை நிரப்பினால் ஆறாவது தானாக விழும். பட்டியில் கூடுதலாக இரண்டு சொல் எழுதுங்கள். அதே வகைச் சொல்லாக இருக்கட்டும், வினைக்கு வினை, பெயருக்குப் பெயர்.

கடைசி 8 தாளில் நீண்ட பத்திகளைத் தந்து, ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். 1953இல் அமெரிக்க ஆய்வாளர் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்திய முறையின் சாயல் இது. ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளப்பதற்காக அவர் வகுத்தது. தமிழில் ஒரே வினைமுற்று காலம், திணை, பால், எண், இடம் அத்தனையும் தாங்கி நிற்கும். எண்ணிக்கைப்படி எடுக்கும்போது அது போய்விட்டால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பிடிமானமே இருக்காது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுதாக விட்டு, நடுவில் வினையை மட்டும் எடுத்திருந்தால் பயன்பட்டிருக்கும். இந்த 8 தாளை மட்டும் இரண்டாம் ஆண்டு முடியும்வரை எடுத்துவைத்துவிடுங்கள்.