மூன்று வருஷம் 2871: சட்டென்று எழும்பும் டர்போவும் நிற்காத நான்கு நட்டும்

போன ஞாயிறு கோலா கங்சாரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, எஸ்ஆர்20 கட்டுறேன், டிரிஃப்டுக்குத்தான். சட்டுனு எழும்புற டர்போ வேணும். உங்க 2871 மாதிரியே வாங்கிடலாமா?" எஸ்ஆர்20 நிசானின் இரண்டு லிட்டர் எஞ்சின். டிரிஃப்ட் என்றால் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுவது. 2871 என் டர்போ, ஜிடி2871ஆர்; எக்ஸாஸ்ட் காற்றில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அவர் கேட்ட நேரத்தில் அந்த 2871 காரில் இல்லை. பட்டறை மேசையில் பழைய கோணிச்சாக்கின் மேல் கிடந்தது. மூன்று வருஷத்தில் நான்காவது தடவையாக அதைக் கழற்றியிருந்தேன். டவுன்பைப் (டர்போவிலிருந்து கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) பட்டு முன்னங்கையில் கொப்புளம் வேறு. அந்த எரிச்சலில் "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் வைத்தது மனதை உறுத்துகிறது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

கார் நிசான் செபிரோ ஏ31. சுங்கை சிப்புட் பக்கம் டிரிஃப்ட் என்று இறங்கிய பையன்களில் பாதிப் பேர் அதில்தான் தொடங்கினோம். பின்சக்கர ஓட்டம், நீளமான உடம்பு, அப்போது கைக்கு எட்டிய விலை. எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) எடுத்த எஸ்ஆர்20டிஇடி, அதாவது எஸ்ஆர்20-இன் டர்போ வகை. ரோட்டில் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய், காசு கட்டி, மூடிய தளத்தில்தான் ஓட்டம். மற்ற விவரம் எல்லாம் இந்த எஞ்சினைக் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததே.

முதலில் போட்டிருந்தது ஜிடி3076ஆர், 2871-ஐவிடப் பெரிய டர்போ. பெரிய எண் வேண்டும் என்ற ஆசை. டைனோவில் (சக்தி அளக்கும் மேடை) சக்கரத்தில் 348 குதிரைசக்தி காட்டியது. அந்தத் தாளை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றினேன். ஆனால் தளத்தில் இறங்கினால் கதை வேறு. இடப்பக்கம் சறுக்கிப் போய், வலப்பக்கம் திருப்பிப் போடும் அந்த இடம் இருக்கிறதே, அங்கே ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டே ஆக வேண்டும். விட்ட உடனே டர்போ தூங்கிவிடும். மறுபடி மிதித்தால் ஒன்று, ஒன்றரை எண்ணும் வரை ஒன்றும் வராது. அதற்குள் பின்டயர் ரோட்டைப் பிடித்து, கார் நேராகிவிடும். பிறகு 4,500 ஆர்பிஎம் தாண்டி பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) மொத்தமாக வந்து விழும்போது, நான் கேட்காத கோணத்தில் கார் போகும். கிளட்சை உதைத்து உதைத்து சமாளித்ததில் ஒரே வருஷத்தில் இரண்டு கிளட்ச் தட்டு போனது.

இதற்குக் காரணம் கம்ப்ரசர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் சக்கரம்) மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கத்துச் சக்கரத்தை, அதாவது டர்பைனைப் பாருங்கள். 3076-இல் அது 60 மில்லிமீட்டர். 2871-இல் 53.9. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரே வடிவச் சக்கரத்துக்குச் சுழல் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் பெரியது ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல் சுமை. சக்கரத்தின் அச்சு வடிவம் மாறினால் இந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் திசை மாறாது. அந்தச் சுமையை ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் காற்று தூக்கிச் சுழற்ற வேண்டும். இரண்டு லிட்டர் எஞ்சின் குறைந்த சுற்றில் எவ்வளவு காற்றைத்தான் தள்ளும்?

சரி, 2871-க்கு வருகிறேன். என்னுடையது 56 டிரிம் (கம்ப்ரசர் வாயின் அளவைக் குறிக்கும் எண்), காற்று நுழையும் வாய் 53.1 மில்லிமீட்டர். டர்பைன் வீடு, அதாவது டர்பைனை மூடும் கூடு, 0.64 ஏ/ஆர் (கூட்டுக்குள் காற்று போகும் வழியின் அளவைக் காட்டும் எண்). 0.86-உம் கிடைக்கும், அது உச்சியில் நன்றாக மூச்சு விடும், ஆனால் எழும்பத் தாமதம். டிரிஃப்டுக்கு என்றால் 0.64 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். உள்ளே பால் பேரிங். எண்ணெய் போகும் வழியில் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட வேண்டும், தண்ணீர்க் குழாய் இரண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். தண்ணீரின் முக்கிய வேலையே எஞ்சினை அணைத்த பிறகுதான். டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங்குக்குள் ஊறும் நேரம் அது.

முதல் நாள் ஓட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது. மூன்றாம் கியர், 3,700-ஐ முள் தொடும்போதே ஒரு பார் பூஸ்ட். காலை எடுத்தேன், காரைத் திருப்பிப் போட்டேன், மிதித்தேன். மிதித்த காலுக்குக் கீழேயே இழுவை இருந்தது. எண்ணுவதற்கு நேரமே இல்லை. அன்றுதான் முதல்முறையாக ஸ்டீயரிங்கால் திருத்தாமல் காலால் மட்டும் கோணத்தைக் கூட்டிக் குறைத்தேன். அரை மிதி என்றால் அரை இழுவை. கொஞ்சம் விட்டால் மூக்கு உள்ளே வரும், கொஞ்சம் கொடுத்தால் வால் வெளியே போகும். டைனோவில் 315-தான் வந்தது. 33 குதிரை குறைவு. பர்ஸில் இருந்த பழைய தாளை அன்றே எடுத்துப் போட்டேன்.

இன்னொரு நன்மை நான் எதிர்பார்க்காதது. எஸ்ஆர்20-இல் ரெவ் லிமிட்டரில் (எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பு) இடித்துக்கொண்டே இருந்தால் ராக்கர் ஆர்ம் (வால்வைத் திறக்கும் கை) கழன்று விழும், எல்லாருக்கும் தெரிந்த நோய். 3076 இருந்தபோது பூஸ்டை விடக்கூடாது என்று 7,000-க்கு மேலேயே தொங்கிக்கொண்டிருப்பேன். இப்போது 4,000-க்கும் 6,500-க்கும் நடுவிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மூன்று வருஷமாக வால்வு மூடியை அந்தக் காரணத்துக்காகத் திறக்கவில்லை.

அப்புறம் ஏன் கோபம்? டர்போவை மேனிபோல்டோடு (எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாய்களை ஒன்றாகச் சேர்க்கும் குழாய்) பிடிக்கும் நான்கு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), நான்கு நட். அவ்வளவுதான் விஷயம்.

முதல் தடவை ஆறாம் மாதம். காலையில் குளிர் எஞ்சினைத் தொடங்கினால் டிக், டிக், டிக். ராக்கர்தான் போச்சு என்று பயந்தேன். அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்றும் பேசாமல் ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். மேனிபோல்டும் டர்போவும் சேரும் இடத்தில் நிறுத்தினார். "இங்கதான்யா மூச்சு விடுது." டார்ச் அடித்துப் பார்த்தால் கேஸ்கெட் (இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) ஓரத்தில் கரி, விரல் நகம் அளவுக்கு. மேல்பக்க நட் கையால் சுற்ற வந்தது.

அந்த நகம் அளவு கசிவுக்கு என்ன விலை தெரியுமா? 3,700-இல் வந்த பூஸ்ட் 4,200-க்குப் போய்விட்டது. டர்பைனைச் சுற்ற வேண்டிய காற்று வெளியே போகிறது. எந்த ஒன்றுக்காகக் காசு கொடுத்தேனோ, அது முதலில் போகிறது. ஏதாவது ஒரு மூலை ஆட்டம் கண்டாலே நான் மறுபடி 3076 ஓட்டுகிறேன்.

காரணம் புரியாததல்ல. டிரிஃப்டில் எக்ஸாஸ்ட் காற்று 900 டிகிரி பக்கம் போகும். இரும்பு சிவக்கும். ஓட்டம் முடிந்து வரிசையில் நிற்கும்போது ஆறும். மறுபடி சிவக்கும். அந்தச் சூட்டில் சாதாரண எஃகு ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, பிடிப்பை இழக்கும். அதிர்வு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் மேனிபோல்டை விற்ற கடைக்காரர் "ஹை டென்சைல் ஸ்டட்" என்று தனியாகக் காசு வாங்கினார். இரண்டாவது முறை கழற்றும்போது அதில் ஒன்று பாதியில் ஒடிந்தது. அதைத் துளையிட்டு எடுக்க எனக்கும் போமனுக்கும் (பட்டறை மெக்கானிக்) ஒரு முழு நாள் போனது. இதை இன்னும் மறக்கவில்லை.

பிறகு செம்பு நட் போட்டேன். நட் கழலாமல் பிடிக்கும் ஆப்பு வாஷர் போட்டேன். ஓரளவு தாங்கியது இன்கோனல் ஸ்டட். நிக்கல் கலவை, சூட்டிலும் இறுக்கத்தை விடாது. ஆனால் அதுவும் பதினான்கு மாதம்தான். இந்தத் தடவை ஆராய்ந்தபோது தவறு என் பக்கமும் இருந்தது தெரிந்தது. டவுன்பைப்புக்குக் கீழே தாங்கி இல்லை. அத்தனை கனமும் அந்த நான்கு ஸ்டட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. போமன் கியர்பாக்ஸின் மணி வடிவ மூடியிலிருந்து ஒரு பட்டை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார்.

டர்போவின் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மேசையில் வைத்து விரலால் தண்டை ஆட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகும் உள்ளே வெளியே அசைவு தெரியவில்லை. ஊதினால் சுற்றுகிறது. கம்ப்ரசர் இதழ் ஓரங்கள் கூராகவே இருக்கின்றன. செம்மண் பறக்கும் எஸ்டேட் ரோட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்துக்கொண்டு இது சின்ன விஷயமில்லை. ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவினால் இப்படி இருக்கும்.

இருந்தாலும் தம்பி, என் பதில் அதேதான். 2871 வாங்காதே. நான் விற்க மாட்டேன், யார் கேட்டாலும் தர மாட்டேன், ஆனால் நீ வாங்காதே. நீ புதிதாகக் கட்டுகிறாய், மேனிபோல்ட் இன்னும் வாங்கவில்லை. நான்கு ஸ்டட் வாயே வேண்டாம். வி-பேண்ட் (ஒரே வளையத்தால் இறுக்குவது) வாயுள்ள மேனிபோல்ட் எடு, வெளி வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட் காற்றை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் வால்வு) வை, அதில் ஜி25-660 டர்போ போடு. எக்ஸாஸ்ட் சக்கரம் 54 மில்லிமீட்டர்தான், என்னுடைய அளவேதான். கம்ப்ரசர் 67, என்னுடையதைவிடச் சின்னது, ஆனால் காற்றை இதைவிட நிறையத் தள்ளும். காசு கூடும். கூடட்டும். ஒரே ஒரு வளையம், ஒரே ஒரு நட், ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம்.

சனிக்கிழமை காலையில் என்னுடையதை மறுபடி ஏற்றுகிறேன். வந்தால் அப்பாவின் குழாயைக் காதில் வைத்துக் கேட்கலாம். ஒடிந்த ஸ்டட்டையும் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார். அதற்குப் பிறகும் 2871-தான் வேண்டும் என்றால், கேஸ்கெட் எங்கே வாங்குவது என்று சொல்கிறேன்.