ஹால் மூலையா, பின்னறையா? குவில்ட்டை முடித்துக் கையில் தரும் இடம் எது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் என்று சொல்லும் குடியிருப்புப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு காலத்தில் ஐந்து மேல்துணிகள் மடித்துக் கிடந்தன. துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, ஆசையாகச் சேர்த்துத் தைத்தவை. ஒன்றுகூடப் போர்வையாகவில்லை. குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்டு ஓரம் கட்டப்பட்டிருக்க வேண்டும். நான் மேல்துணியோடு நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம், "இதை எப்பதான் போத்திக்கிட்டுப் படுக்கிறது தங்கச்சி?" என்று கேட்பார்.

சோம்பல் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: மேல்துணி தைக்க ஒரு சின்ன மேசை போதும். முடிக்கிற வேலை அப்படியில்லை. அதற்கு விரிக்க இடம் வேண்டும், கனம் தாங்க மேசை வேண்டும், பாதியில் போட்டுவிட்டுப் போனால் மறுநாளும் அப்படியே கிடக்க வேண்டும். எனவே இடம், மிஷின், பஞ்சு, தைக்கும் முறை எதை ஒப்பிட்டாலும் இங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது வேலையை முடிக்க விடுமா?

இடம்

தாமான் டெரஸ் வீட்டில் பொதுவாக நான்கு வாய்ப்புகள் உண்டு: ஹாலில் ஒரு மூலை, முன் வராந்தா, பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைப் பகுதி, சாமான் போட்டு வைத்திருக்கும் சின்ன அறை.

ஹால் மூலையில் வெளிச்சம் இருக்கும், காற்றாடி இருக்கும், வீட்டு ஆட்களோடு பேசிக்கொண்டே தைக்கலாம். நான் நான்கு வருஷம் அங்கேதான் தைத்தேன். ஆனால் யாராவது வந்தால் எடுத்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மேசையே காணாமல் போய்விடும். ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போட அரை மணி, மடித்து வைக்க அரை மணி என்றால் தைக்க மிஞ்சுவது எவ்வளவு? இன்னொரு தொல்லை காற்றாடி. வெட்டி அடுக்கிய துண்டுகளை அது பறக்கடித்துவிடும். பால் டின் மூடிகளைப் பாரமாக வைத்துத்தான் சமாளித்தேன்.

பின்பக்க நீட்டிப்பைத் துணிக்கு நான் சொல்லவே மாட்டேன். ஜிங்க் கூரை மதியத்தில் அனலாய்க் கொதிக்கும். தாளிக்கிற எண்ணெய் வாடை பருத்தியில் ஏறினால் லேசில் போகாது. பல்லி எச்சம் வேறு.

முன் வராந்தா காலையிலும் அந்தியிலும் மனதுக்கு இதமான இடம். ஆனால் எங்கள் தெருமுனை வழியாகத்தான் செம்பனைக் குலை லாரிகள் ஆலைக்குப் போகின்றன. அந்தப் புழுதி வெள்ளைத் துணியில் படிந்தால் தெரியும். சாய்ந்த வெயில் நிறத்தை வெளுக்க வைக்கும், சாரல் அடித்தால் ஓட வேண்டும். கையால் தைக்கும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருப்பது சின்ன அறை. எங்கள் வீட்டில் அது 8 அடிக்கு 9 அடிதான். ஹால் மூலையைவிட நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் என் தேர்வு அதுதான், காரணம் கதவு. கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். ஊசி துணிக்குள் நின்ற இடத்திலேயே நிற்கும். மறுநாள் பத்து நிமிஷம் கிடைத்தால் பத்து நிமிஷம் தைக்கலாம். என் ஐந்து மேல்துணிகளில் மூன்று போர்வையானது அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களில்தான்.

அந்த அறையில் எனக்குப் பயன்பட்டவை இவை. மிஷின் மேசையைச் சுவர் மூலையில் போடுங்கள். இடப்பக்கமும் பின்பக்கமும் சுவர் இருந்தால் கனமான குவில்ட் மேசையை விட்டுச் சரியாது. துணியின் கனம் கீழே இழுத்தால் தையல் கோணும், ஊசியும் உடையும். பிளாஸ்டிக் மேசை விரிப்பில் அடிப்பக்கம் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் வகை உண்டு. அதைத் திருப்பிச் சுவரில் அடித்தால், துண்டுகளை ஊக்கில்லாமல் ஒட்டி வைத்துத் தள்ளி நின்று பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டிக்குச் சுவர் பிளக் தனியாக வேண்டும். மிஷினோடு ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அலமாரிக் கதவை வாரம் ஒரு தடவையாவது திறந்து விடுங்கள். பூஞ்சணம் பிடித்த பருத்தியில் விழும் கறும்புள்ளி பெரும்பாலும் போகவே போகாது.

மூன்று அடுக்கையும் விரித்துச் சேர்க்க மட்டும் அந்த அறை போதாது. அதற்கு ஒரு நாள் ஹாலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். டைல்ஸ் தரைதான் இதற்குச் சரியான இடம். துடைத்துக் காயவிட்டு, அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, மாஸ்கிங் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் நகராது. டைல்ஸ் கோடுகளே துணி நேராக இருக்கிறதா என்று காட்டிவிடும். முழங்கால் வலிக்கும் என்றால் கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்திலோ இரண்டு நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்கள் குறைவு. ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தினால் போதும். ஒட்டும் ஸ்பிரேயும் உண்டு, வேகமான வேலைதான். ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் அந்த வாடையை மூச்சில் இழுக்க எனக்கு மனசில்லை. ஊக்கே போதும்.

மிஷின்

ரப்பர் தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த பல வீடுகளில் இன்னமும் ஒரு கால்மிதி சிங்கர் மிஷின் இருக்கும், இல்லாவிட்டால் பட்டர்ஃபிளை. அதைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்கு அதைவிட நேரான தையல் போடும் மிஷினை நான் பார்த்ததில்லை. கரண்ட் போனாலும் நிற்காது, இடி மின்னலுக்குப் பயமில்லை. குவில்ட்டில் தையல் ஓரம் கால் அங்குலம். அதைத் தகட்டில் அளந்து மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டால் அப்புறம் கண் தானாகப் பழகிவிடும். எண்ணெய் மட்டும் தையல் மிஷினுக்கென்று விற்பதையே விடுங்கள். தோட்டத்தில் தேங்காயெண்ணெய் விடுவார்கள். அது நாளடைவில் பிசினாகி மிஷினையே இறுக்கிவிடும்.

முடிக்கும் வேலை வரும்போதுதான் கால்மிதி தடுமாறும். ஊசிக்கும் மிஷினின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சின்னது. நம் ஊர் குயின் மெத்தை 60க்கு 75 அங்குலம். இரண்டு பக்கமும் காலடியிலும் ஓரடி தொங்க வேண்டுமென்றால் குவில்ட் 84க்கு 87 வரும். நடுவில் தைக்கும்போது 42 அங்குல அகலத்தை, அதுவும் மூன்று அடுக்காக, சுருட்டி அந்த இடைவெளிக்குள் நுழைக்க வேண்டும். தவிர, பல பழைய மாடல்களில் துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்க முடியாது. மேலே மூடும் தகடு வாங்கி மாட்டினால்தான் துணியைக் கையால் இஷ்டத்துக்கு நகர்த்தித் தைக்கலாம்.

கடைகளில் விற்கும் எடை குறைந்த புது மிஷினுக்கும் இடைவெளி ஆறு ஏழு அங்குலம்தான். ஜிக்ஜாக் இருக்கும், பல்லும் இறங்கும், ஆனால் பெரிய குவில்ட் இழுக்கிற இழுப்பில் மிஷினே மேசையில் நகரும். குழந்தைப் போர்வைக்கும் மேசை விரிப்புக்கும் அது தாராளம். குவில்ட்டுக்கென்றே நேர்த்தையல் மட்டும் போடும் பெரிய வகை ஒன்று உண்டு, ஜூக்கி டிஎல் வரிசை மாதிரி. இடைவெளி ஏறக்குறைய 9 அங்குலம், வேகம் நிமிஷத்துக்கு 1500 தையல் வரை. விலை சின்ன மிஷினைப் போலப் பல மடங்கு. வருஷத்துக்கு நான்கு பெரிய போர்வை தைக்கிறவர் என்றால் வாங்குங்கள். ஒன்றிரண்டு என்றால் அந்தக் காசு துணியாகட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக ஒரு மிஷின் கொண்டுவந்து கொடுத்தார். அது 110 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் 230, 240. பார்க்காமல் நேராக மாட்டினேன், மோட்டார் புகைந்து போனது. மிஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

என்னிடம் இப்போது இரண்டு இருக்கின்றன. அம்மாவின் கால்மிதியில் மேல்துணி, ஒரு சின்ன மின் மிஷினில் மூன்றடுக்குத் தையல். அந்தச் சின்ன மிஷினை வைத்துக்கொண்டு எப்படிப் பெரிய போர்வை முடிக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

துணியும் பஞ்சும்

நம் சூட்டுக்கு வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற உப்பலான போர்வை வேண்டாம். அந்த வேலைக்குத்தான் கடையில் விற்கும் தடித்த தோத்தோ போர்வை இருக்கிறதே. மெல்லிய பருத்தி விரிப்பு, பாலியெஸ்டர் விரிப்பு, இரண்டும் கலந்தது, இல்லையென்றால் வெறும் ஃபிளானல் துணி. இவைதான் போட்டி. பருத்தி உடம்புக்கு இதம். முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கிப் பழைய போர்வைபோலச் சுருக்கம் விழும், எனக்கு அது பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் துவைத்தால் காய இரண்டு நாள். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், சுருங்காது, ஆனால் போர்த்தினால் வியர்க்கும். குழந்தைக்கு என்றால் அடிக்கடி துவைக்க வேண்டுமே என்று கலப்பு விரிப்பை எடுப்பேன். எனக்கென்றால் ஃபிளானல். இழை இறுகிய துணி என்பதால் உள்ளே நகராது, தையலை நெருக்கமாகப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இலவம்பஞ்சு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள், வீட்டில் தலையணைக்கு வாங்கியது மிச்சமிருக்கும். வேண்டாம். அந்த இழை குட்டை, வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டு திரளும்.

துணியில், பாத்தேக் கைலி நமக்குக் கிடைத்திருக்கும் வரம். பருத்தியாகப் பார்த்து எடுங்கள். வெட்டுவதற்கு முன் தனியாக, நீர் தெளிகிறவரை அலசுங்கள். என் இரண்டாவது குவில்ட்டில் சிவப்பு பாத்தேக் வெள்ளைக்குள் இறங்கி, அதை இன்னும் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தையற்கடைகளில் கேட்டால் வெட்டுத் துண்டுகளை மூட்டையாகவே கொடுப்பார்கள், மலாய்க்காரர்கள் காயின் பெர்ச்சா என்பார்கள். இஸ்திரி சூட்டில் சுருளும் பாலியெஸ்டரைப் பிரித்து ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

முடிப்பது

கையால் தைப்பதா, மிஷினா? எனக்கு இது வெறும் வசதி பற்றிய கேள்வி இல்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து, குளித்து, சமைத்து, பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் பாய் விரித்து உட்காருவார். பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலாகவே போட்டுக்கொண்டு போவார். மாவு மூட்டைத் துணிகூட உள்ளே இருக்கும். அந்தப் போர்வையில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சேலை நைந்துவிட்டது, தையல் விடவில்லை. அதனால் கைத்தையல் பலமில்லாதது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நேரத்தைப் பொய்யாகச் சொல்லக்கூடாது. நுணுக்கமான கைத்தையலில் அங்குலத்துக்கு எட்டுப் பத்து தையல் விழ வேண்டும். குயின் அளவுக்கு அப்படித் தைக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அம்மா மாதிரி கனமான நூலில் அங்குலத்துக்கு நான்கைந்து என்று பெரிய தையலாகப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் முடிகிறது, பார்வைக்கும் அழகு. அடித்துணிக்கு நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்பை மட்டும் போடாதீர்கள், ஊசி இறங்காமல் விரல் புண்ணாகும்.

மிஷினில் இரண்டு வழி. வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டினால் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து நகரும், நேர்க்கோடுகள் சுருக்கமில்லாமல் விழும். பல்லை இறக்கிவிட்டுக் கையால் நகர்த்தித் தைத்தால் பூவும் கொடியும் போடலாம், ஆனால் கை பழக மாதக்கணக்காகும். முடியாத மேல்துணி அலமாரியில் இருக்கிறவர் முதலில் நேர்க்கோட்டைப் பிடியுங்கள். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சு விரிப்பின் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

சின்ன மிஷினுக்கு என் விடை கட்டம் கட்டமாக முடிப்பது. 12 அங்குலக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மூன்று அடுக்கு வைத்துத் தைத்து, பிறகு பட்டைத் துணியால் கட்டங்களை இணைப்பது. மிஷின் இடைவெளிக்குள் ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் போகும், எந்தக் கனமும் இழுக்காது. தரையில் குனிந்து ஊக்கு குத்தும் நாளே தேவையில்லை. இணைப்புகள் பின்பக்கம் தெரியும், அது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. என் குயின் அளவுப் போர்வை இந்த வழியில்தான் முடிந்தது. மேல்துணி ஏற்கெனவே முழுதாகத் தைக்கப்பட்டுவிட்டது என்றால் இந்த வழி உதவாது.

அப்படிப்பட்டதற்கு முடிச்சு போடுவது ஒரு வழி. கையளவு இடைவெளியில் கனமான நூலால் முடிச்சு, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அவசரமாகப் பிறந்தநாள் வருகிறதென்றால் தயங்காமல் செய்யுங்கள். இன்னொரு வழி, குவில்ட்டைச் சட்டத்தில் விரித்துத் தைக்கும் பெரிய லாங் ஆர்ம் மிஷின் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்துத் தைத்து வாங்குவது. அதன் சட்டமே 10, 12 அடி நீளம், நம் வீட்டுக்குள் நுழையாது. கொடுப்பதானால் அடித்துணியும் பஞ்சும் ஒவ்வொரு பக்கமும் மேல்துணியைவிட 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மிக முக்கியமான ஒன்றிரண்டுக்கு நான் இதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் வெளியே கொடுத்தால் கை பழகாது.

கடைசியாக ஓரப்பட்டை. இரண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைப்பதே உறுதி. 84க்கு 87 போர்வைக்குச் சுற்றளவு 342 அங்குலம். சாதாரணப் பருத்தியில் குறுக்காக 9 பட்டை வெட்ட வேண்டும், முக்கால் மீட்டர் வாங்கினால் மிஞ்சும். முன்பக்கம் மிஷினில் தைத்து, பின்பக்கம் மடித்துக் கையால் மறைத்தையல் போடுவேன். இரண்டு பக்கமும் மிஷினிலேயே போடலாம், ஒரே மதியத்தில் முடியும், தினமும் துவைக்கும் குழந்தைப் போர்வைக்கு அதுதான் சரி. மற்றவற்றுக்கு அந்தியில் வராந்தாவில் உட்கார்ந்து ஊசியால் முடிக்கிறேன், நான்கைந்து நாள் ஆகிறது. அந்த நேரத்தில்தான் அக்காவும் தன் நாற்காலியை வேலிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச வருவார்.

ஓரம் முடிந்ததும் பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி: யாருக்கு, எந்த வருஷம், சுங்கை சிப்புட். பேனா மை நாளாவட்டத்தில் மங்குவதால் நூலாலேயே எழுதுகிறேன். அம்மாவின் போர்வையில் அப்படி எதுவும் இல்லை. எந்த வருஷம் தைத்தார் என்று இப்போது கேட்க ஆளும் இல்லை.